ஸ்பூல் டேப்: வெளியூர் ஸ்டுடியோவா, கோவைப் பட்டறையா?

எலக்ட்ரானிக் இசை அமைத்த ஒருவர் விட்டுப்போன ஸ்பூல் டேப்புகள் (திறந்த ரீலில் சுற்றிய ஒலிநாடாக்கள்) ஈரோட்டிலோ பொள்ளாச்சியிலோ ஒரு வீட்டு அட்டாலியில் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இந்த வேலை தெரிந்த வெளியூர் ஸ்டுடியோவுக்கு அனுப்பலாம். பழைய மெஷினைச் சரிசெய்து கோவையிலேயே ஓட்டலாம். காப்பகம் ஒன்றிடம் ஒப்படைத்துவிடலாம்.

காப்பகத்தைப் பற்றி எனக்குக் குழப்பமே இல்லை. கடைசியில் மூல டேப்புகள் அங்கேதான் போக வேண்டும். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-ல் மூக் சிந்தசைசரோடு (மின்சுற்றால் ஒலி உண்டாக்கும் கருவி) தொடங்கிய ஸ்டுடியோவின் இசையை இன்று கேட்க முடிகிறது என்றால், டேப்புகள் அந்த நிறுவனக் காப்பகத்திலேயே இருந்ததுதான் காரணம். ஆனால் ஒரு டிஜிட்டல் பிரதி கையில் வந்தபிறகு கொடுப்பது நல்லது.

அந்தப் பிரதியை எங்கே எடுப்பது என்பதில்தான் சிக்கல்.

ஒட்டிக்கொள்ளும் டேப்புகளுக்கு ஸ்டுடியோதான். 1970, 80-களின் ஆம்பெக்ஸ் 456 போன்ற டேப்புகளில் காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை ஈரம் இழுத்துப் பிசுபிசுக்கும். அப்படியே ஓட்டினால் இசை, டேப்பைப் படிக்கும் ஹெட்டில் உரிந்து வந்துவிடும். 50 முதல் 54 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சீராகச் சூடாக்கினால் கொஞ்ச நாளைக்கு ஓடும். நம் ஊர் துணி சோதனைக் கூடங்களில் ஹாட் ஏர் ஓவன் இருக்கிறதே என்று ஆசை வரும். பழக்கமில்லாத கையில் வேண்டாம். அசிடேட் பிளாஸ்டிக்கில் செய்த பழைய டேப்பைச் சூடாக்கவே கூடாது. அதை அடையாளம் காண்பது எளிது: ரீலை வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவும், கெட்டுப்போனது வினிகர் வாடை அடிக்கும்.

மற்ற டேப்புகளுக்கு என் ஓட்டு கோவைக்கே. டேப்பை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளை இறுகிப்போயிருந்தால், நூற்பாலை உருளைகளுக்கு ரப்பர் போட்டுக் கடைந்து கொடுப்பவர்கள் இங்கே இருக்கிறார்கள். மோட்டாருக்குக் காயில் கட்டவும் ஆள் உண்டு. ஹெட்டின் சாய்மானத்தை மட்டும் விவரம் தெரிந்தவர் டேப்புக்கு டேப் சரிபார்க்க வேண்டும். இல்லாவிட்டால் மேல் ஸ்தாயி மங்கிவிடும்.

அதைவிடப் பெரிய காரணம், அந்த இசையமைப்பாளரோடு வேலை செய்த யாராவது பக்கத்தில் உட்கார முடியும் என்பது. பாட்டாக இருந்தால் வேகம் தப்பினால் குரலே காட்டிக்கொடுக்கும். மின்சுற்றில் ஒலி எழுப்பும் ஆஸிலேட்டரின் சத்தம் காட்டிக்கொடுக்காது. விநாடிக்கு 38 செ.மீ. வேகத்தில் பதிந்ததை 19-ல் ஓட்டினால் ஒரு ஸ்தாயி கீழே இறங்கி, அதுவும் ஓர் இசையாகவே கேட்கும். இரு பக்கமும் பதிந்த டேப்பை, முழு அகலத்தையும் ஒரேயடியாகப் படிக்கும் ஹெட்டில் ஓட்டினால் மறுபக்கம் தலைகீழாகக் கலந்து வரும். அவர் வேண்டுமென்றே தலைகீழாக்கியதா, மெஷின் செய்த கோளாறா? அவரை அறிந்தவர்தான் சொல்ல முடியும்.

இதனால்தான் ஸ்டுடியோவின் இரைச்சல் நீக்கும் பழக்கம் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த உறுமலையும் இரைச்சலையும் அவரே இசையாக வைத்திருக்கலாம். அனுப்பும் டேப்போடு ஒரு தாளில் எழுதிவிடுங்கள்: வேகம், டிராக், எந்தச் சுத்திகரிப்பும் கூடாது, 96 கிலோஹெர்ட்ஸ் 24 பிட் வேவ் கோப்பு. ஸ்டீரியோவில் மணிக்கு 2 ஜிபி சொச்சம்தான், எம்பி3-க்கு அவசியமே இல்லை. அப்புறம், அட்டைப் பெட்டியில் அவர் கையால் எழுதியதை அனுப்பும் முன் போட்டோ எடுத்துவிடுங்கள்.