கிரேட் சர்க்கிள் மேப்பர்: தோற்றம் பழசு, கணக்கு கச்சிதம்

விமான தூரம் சொல்லும் இணையதளங்கள் ஏராளம். ஒரே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் கிரேட் சர்க்கிள் மேப்பர் போதும். பூமி உருண்டையின் மேல் இரண்டு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய வளைகோட்டுக்குத்தான் கிரேட் சர்க்கிள் என்று பெயர். இலவசம்தான். பார்க்க அரதப் பழசாக இருக்கும். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

இரண்டு விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீடுகளை ஆங்கிலத்தில் அடித்து, நடுவில் ஒரு ஹைபன் போட வேண்டும். சிங்கப்பூர் சாங்கிக்கு எஸ்.ஐ.என்., நியூயார்க் கென்னடிக்கு ஜே.எஃப்.கே. விடை 9,537 மைல், அதாவது 15,349 கி.மீ. இடையில் பிராங்க்ஃபர்ட்டின் எஃப்.ஆர்.ஏ.வைச் செருகினால் இரண்டு கட்டங்களையும் தனித்தனியே காட்டிக் கூட்டியும் தரும்: ஏறத்தாழ 16,475 கி.மீ. ஐரோப்பாவில் இறங்கி ஏறுவதற்கு ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான் கூடுதல் என்பது தட்டை வரைபடத்தைப் பார்த்தால் பிடிபடாது.

அலகில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இது முதலில் காட்டுவது சாதாரண மைல் (1.609 கி.மீ.). விமானிகள் புழங்குவது கடல் மைல் (1.852 கி.மீ.). இதே பயணம் கடல் மைலில் சுமார் 8,290. அந்த எண்ணைச் சாதாரண மைல் என்று நினைத்து 1.609ஆல் பெருக்கினால் இரண்டாயிரம் கிலோமீட்டர் காணாமல் போய்விடும். அலகைக் கிலோமீட்டருக்கு மாற்றிவிட்டுத் தொடங்குவது நல்லது.

எக்செல்லில் ஹேவர்சைன் சூத்திரம் (அட்சரேகை, தீர்க்கரேகையிலிருந்து தூரத்தைக் கணக்கிடுவது) போட்டுக்கொள்பவர்களும் விடையை இதோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள உருண்டையாக வைத்தால் இதே சிங்கப்பூர்-நியூயார்க் பயணத்துக்குச் சுமார் 15,340 கி.மீ. வரும். பூமி துருவங்களில் சற்றே தட்டை. மேப்பர் அதையும் கணக்கில் எடுப்பதால்தான் அந்த ஒன்பது கிலோமீட்டர் வித்தியாசம். இது பிழையில்லை. ஆனால் 5,320 என்று வந்தால் நியூயார்க்கின் தீர்க்கரேகைக்கு முன்னால் மைனஸ் விட்டுப்போயிருக்கிறது: மேற்கு 73.78 பாகை கிழக்காகி, ஊர் கிர்கிஸ்தான் மலைகளுக்குக் குடிபோய்விட்டது. விடை தாறுமாறாக வந்தால் பாகையை, எக்செல் கேட்கும் கோண அலகான ரேடியனாக மாற்றாமல் விட்டிருப்பீர்கள்.

கூகுள் மேப்ஸின் தூரம் அளக்கும் வசதியும் வளைகோட்டைத்தான் எடுக்கிறது. அதில் புள்ளியைக் கையால் வைக்க வேண்டும், ஓடுபாதையா ஊர் நடுவா என்பது உங்கள் விரலைப் பொறுத்தது. மேப்பரில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் இதன் வரைபடம் வெறும் படம். விரலால் இழுத்துப் பெரிதாக்க முடியாது, கைபேசியில் கண்ணைச் சுருக்கித்தான் பார்க்க வேண்டும்.

வேகத்தைக் கொடுத்தால் பயண நேரமும் சொல்கிறது. அதை நம்பி யாரையும் அழைத்துவர விமான நிலையத்துக்குக் கிளம்ப வேண்டாம். அது தூரத்தை வேகத்தால் வகுத்த எண், அவ்வளவே. காற்று, ஏற்றம், இறக்கம், ஓடுபாதைக் காத்திருப்பு எதுவும் அதில் இல்லை. தவிர, மேப்பர் போடும் சிங்கப்பூர்-நியூயார்க் கோடு வடதுருவத்துக்குச் சுமார் 280 கி.மீ. பக்கத்தில் போகிறது. நிஜ விமானம் காற்றையும் வான்வெளி அனுமதியையும் பார்த்துப் பசிபிக் பக்கமோ அட்லாண்டிக் பக்கமோ சுற்றிக்கொண்டு போகும். பறந்து முடித்த தூரம் வேண்டுமென்றால் விமானங்களைப் பின்தொடரும் தளங்களில் அன்றைய பாதையைத்தான் பார்க்க வேண்டும். அது இந்த 15,349ஐவிடக் கூடத்தான் இருக்கும்.