பிக்கப் வைத்திருப்பவர்கள் கவனத்திற்கு: ரெக்கவரி வண்டியை அழைத்து ரூ.56,800 இழந்தேன்

பழுதாகி நின்ற வண்டியை ஊர் கொண்டுவந்து சேர்ப்பதற்காக இணையத்தில் தேடி அழைத்த ஒரு ரெக்கவரி சேவையால், என் பிக்கப்பின் கியர்பாக்ஸ் முற்றிலும் பாழாகி, மொத்தம் ரூ.56,800 கையை விட்டுப் போயிருக்கிறது. வண்டி இன்னும் பட்டறையில்தான் நிற்கிறது. கோபம் அடங்கிய பிறகு எழுதலாம் என்று வீட்டில் சொன்னார்கள். அடங்கிவிட்டால் எழுத மாட்டேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொந்தமாக ஒரு வண்டிகூட இல்லாமல், ‘எந்த ஊரில் நின்றாலும் உடனடி உதவி’ என்று விளம்பரம் செய்து, அழைப்பு வந்ததும் அருகில் இருக்கும் ஏதாவது ஒரு வண்டியைக் கைகாட்டிவிடும் வகையைச் சேர்ந்தது அது. பிக்கப்பை எப்படி இழுக்க வேண்டும், அதற்கான பராமரிப்பு என்ன என்பதையெல்லாம் இறுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் ஏற்றிக்கொண்டு திருச்சி பால்பண்ணை மண்டிக்குப் போகும் வழியில், பாடாலூரைத் தாண்டியதும் தண்ணீர் பம்பின் பேரிங் உடைந்து பெல்ட் கழன்றுவிட்டது. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறத் தொடங்கியதுமே எஞ்சினை அணைத்து ஓரம் கட்டிவிட்டதால் எஞ்சினுக்கு எந்தச் சேதமும் இல்லை. பம்பை மாற்ற ஆகும் செலவு வெறும் ரூ.3,800 என்பதை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். லோடை வேறொரு வண்டியில் மாற்றி மண்டிக்கு அனுப்பிவிட்டு, வெறும் வண்டியை மணப்பாறையில் வழக்கமாகப் பார்க்கும் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான் மிச்சம். அப்போதுதான் அந்த ரெக்கவரி நிறுவனத்தின் எண்ணை அழைத்தேன்.

அழைப்பை எடுத்தவர் பேசிய விதத்தை நினைத்தால்தான் இப்போதும் வயிறு எரிகிறது. “முதல்ல வண்டிக்குப் பின்னாடி நிக்காதீங்க சார், தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்க. நாலு இண்டிகேட்டரும் எரியுதா? சாப்டீங்களா சார்?” என்று சொந்தத் தம்பியைப் போல விசாரித்தார். பின் சக்கரத்தால் ஓடும் வண்டி என்பதையும், அதனால் நான்கு சக்கரமும் தரையில் படாமல் ஏற்றிச் செல்லும் பிளாட்பெட் லாரிதான் வேண்டும் என்பதையும் நானே வாய்விட்டுச் சொன்னேன். “கண்டிப்பா பிளாட்பெட்தான் சார், ஒரு வீல்கூட ரோட்டைத் தொடாது” என்று உறுதி கொடுத்து, மஞ்சள் நிற பிளாட்பெட் லாரி ஒன்றின் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பேசிய வாடகை ரூ.9,500, அதில் முன்பணம் ரூ.5,000 அனுப்பியதும் நன்றி சொல்லிக் குறுஞ்செய்தி வந்தது. சாலையோரத்தில் இருட்டும் நேரத்தில் தவித்து நிற்பவனிடம் இவ்வளவு பொறுப்பாகப் பேசுகிற ஒருவரை யார்தான் நம்ப மாட்டார்கள்?

வந்தது பிளாட்பெட் இல்லை. பின்புறம் இரும்புக் கையும் கொக்கியும் பொருத்திய பழைய ஜீப் ஒன்றும், அதில் இரண்டு இளைஞர்களும் வந்தார்கள். “பிளாட்பெட் வேற கேஸுக்குப் போயிடுச்சுண்ணே, இதுலயே கொண்டு போயிடலாம்” என்றபடியே, என் பதிலுக்குக்கூடக் காத்திராமல் முன் பம்பருக்கு அடியில் சங்கிலியை மாட்டத் தொடங்கிவிட்டார்கள். முன்பக்கத்தைத் தூக்கினால் பின் சக்கரம் உருளும், அப்படியானால் கியர்பாக்ஸையும் பின் சக்கரங்களையும் இணைக்கும் நீளத் தண்டான ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டையாவது கழற்றிக் கட்டிவிட்டு இழுங்கள் என்றேன். “ஸ்பேனர் கொண்டு வரலண்ணே. நியூட்ரல்ல போட்டா ஒண்ணும் ஆகாது, தினமும் இப்படித்தான இழுக்குறோம்” என்றார்கள். வேண்டாம், முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றதற்கு, அது கம்பெனிக்குப் போய்விட்டது, அங்கே கேளுங்கள் என்றார்கள். கம்பெனியை அழைத்தால், அதே இனிய குரல், “அவங்க எக்ஸ்பர்ட் சார், விடுங்க. எதாவது ஆச்சுன்னா கம்பெனி பொறுப்பு” என்றது. அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் வண்டி அங்கிருந்து கிளம்பியது.

இதில் என்ன தவறு என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நியூட்ரலில் போட்டால் எஞ்சின்தான் பிழைக்கும், கியர்பாக்ஸ் பிழைக்காது. பின் சக்கரம் உருளும்போது பின் அச்சின் நடுவில் உள்ள பெட்டியான ஹவுசிங்கில் இருக்கும் கிரவுன், பினியன் பற்சக்கரங்கள் வழியாக ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் சுழன்று, கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்ட்டையும் சேர்த்துச் சுழற்றுகிறது. வண்டி தானாக ஓடும்போது எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கீழ் ஷாஃப்ட்டின் பற்சக்கரங்கள்தான் எண்ணெயில் முங்கி, அதை மேலே வாரி இறைத்துக்கொண்டிருக்கும். எஞ்சின் அணைந்திருந்தால் அந்தக் கீழ் ஷாஃப்ட் அசையாது. எண்ணெய் முழுவதும் பெட்டியின் அடியில் சும்மா கிடக்க, மேலே மெயின் ஷாஃப்ட்டும் கியர்களுக்குள் இருக்கும், மெல்லிய உருளைகளால் ஆன ஊசி பேரிங்குகளும் காய்ந்துபோய்ச் சுழலும். பட்டறைக்குள் நகர்த்துவது போன்ற சிறிய தூரத்துக்கு இது பெரிதாகத் தெரியாது. எண்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தை நெடுஞ்சாலை வேகத்தில் இழுத்தால் என்ன ஆகும் என்பதை என் வண்டியில் பார்த்துவிட்டேன்.

திருச்சி தாண்டும்போதே அடியிலிருந்து ஊளையிடுவது போல ஒரு சத்தம் கேட்டது. நிறுத்துங்கள் என்றேன். டயர் சத்தம் என்றார்கள். மணப்பாறையில், மீதி ரூ.4,500 கைக்கு வராமல் வண்டியைக் கீழே இறக்க மாட்டோம் என்று கொக்கியிலேயே தொங்கவிட்டார்கள். கொடுத்த பிறகுதான் இறக்கினார்கள். ரசீது கேட்டதற்கு, வாட்ஸ்அப்பில் வரும் என்றார்கள். வரவில்லை.

மறுநாள் மெக்கானிக் கியர்பாக்ஸின் எண்ணெயை இறக்கினார். தட்டில் விழுந்த எண்ணெயில் வெயில் பட்டபோது தங்கப் பொடி தூவியது போல மின்னியது. அத்தனையும், கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ ரிங்கிலிருந்து உரிந்த பித்தளைத் தூள். மெயின் ஷாஃப்ட்டில் ஊசி பேரிங் உட்கார்ந்த இடம் வெந்து நீலம் பாரித்திருந்தது, இரண்டு கியர்கள் ஷாஃப்ட்டோடு பிடித்துக்கொண்டிருந்தன. “இது ஓடித் தேஞ்சது இல்லண்ணே, எண்ணெய் ஏறாம எரிஞ்சது” என்று அவர் சொன்னதை அப்படியே காணொளியாக எடுத்து வைத்திருக்கிறேன். பாகங்களும் கூலியும் சேர்த்து ரூ.47,300. வாடகையோடு சேர்த்தால் ரூ.56,800. ரூ.3,800 பழுதுக்காகப் போய், ரூ.56,800!

இனி அந்தக் கம்பெனியின் பதில்களைக் கேளுங்கள். முதலில், வண்டி ஏற்கெனவே பழுதாகித்தானே நின்றது என்றார்கள். தண்ணீர் பம்புக்கும் கியர்பாக்ஸுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டதும் அழைப்பு துண்டானது. அடுத்து, நான் கியர் ஆயிலை முறையாக மாற்றியிருக்க மாட்டேன் என்றார்கள். கியர் ஆயில், கிரவுன் ஆயில் மாற்றியதற்கும், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் மூட்டுகளில் இருக்கும் கிராஸ் பேரிங்குகளுக்கு கிரீஸ் அடித்ததற்கும் கிலோமீட்டர் குறித்த ரசீதுகள் என்னிடம் இருந்ததால் அந்த வாதம் அன்றோடு நின்றது. (ரசீதைக் கசக்கி எறிபவர்கள் இனிமேல் எறியாதீர்கள்.) பிறகு, நாங்கள் இணைப்புத் தளம் மட்டுமே, இழுத்தவரிடம்தான் கேட்க வேண்டும் என்றார்கள். இழுத்தவர் கம்பெனியிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு என் எண்ணைத் தடை செய்துவிட்டார். ‘கம்பெனி பொறுப்பு’ என்று சொன்ன அழைப்பின் பதிவைக் கேட்டேன். ஒவ்வொரு முறையும் ‘உங்கள் உரையாடல் தரத்திற்காகப் பதிவு செய்யப்படுகிறது’ என்று அவர்களே அறிவிக்கிறார்கள் அல்லவா? அது உள் பயன்பாட்டுக்கு மட்டும் என்றார்கள். கடைசியாக, உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று ஒரு செய்தியும், எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்ற கேள்வியும், அடுத்த முறை வண்டி இழுக்க ரூ.500 தள்ளுபடிக் கூப்பனும் வந்தன. ரூ.56,800 போனவனுக்கு ரூ.500 கூப்பன், அதுவும் மறுபடி அவர்களிடமே வண்டியைக் கொடுப்பதற்கு!

காப்பீட்டு நிறுவனத்தையும் கேட்டுவிட்டேன். இயந்திரக் கோளாறு விபத்துக் காப்பீட்டில் வராது என்று பாலிசியிலேயே இருக்கிறது, அவர்களைக் குறை சொல்ல வழியில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். வக்கீல் நோட்டீஸுக்கும் ஏற்பாடு நடக்கிறது.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன். ஆனால் பட்டறையிலிருந்து இடையிடையே அழைப்பு வந்துகொண்டே இருக்கிறது, ஆகவே முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பின் சக்கர ஓட்ட வண்டியை நான்கு சக்கரமும் மேலே ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். வேறு வழியே இல்லையென்றால் பின்பக்கத்தைத் தூக்கி, ஸ்டீயரிங்கை நேராகக் கட்டி இழுக்கலாம், அல்லது ஹவுசிங் பக்கத்து போல்ட்டுகளைக் கழற்றி ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கம்பியால் தூக்கிக் கட்டலாம். கழற்றும் முன் இரண்டு பக்கமும் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டால் மாட்டும்போது அதே இடத்தில் உட்காரும். நான்கு சக்கர ஓட்ட வண்டியென்றால் பிளாட்பெட் தவிர வேறெதற்கும் சம்மதிக்காதீர்கள். கயிறு கட்டி இழுப்பதானால், எஞ்சின் அணைந்த வண்டியில் பிரேக் மிதி கல்லாக இறுகிவிடும், பவர் ஸ்டீயரிங்கைத் திருப்பவும் நிறைய பலம் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். தேசிய நெடுஞ்சாலையில் நின்றால் முதலில் நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐ அழையுங்கள். அவர்கள் ஊர்வரை கொண்டுவந்து விட மாட்டார்கள், ஆனால் வண்டியைச் சாலையிலிருந்து ஒதுக்கிப் பாதுகாப்பான இடத்தில் விடுவார்கள், அதன் பிறகு உங்கள் ஊர் மெக்கானிக்குக்குத் தெரிந்த பிளாட்பெட்டுக்காக விடியும்வரை நிதானமாகக் காத்திருக்கலாம். வண்டி கண்ணுக்கு முன்னால் வந்து நிற்காமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் அனுப்பாதீர்கள். பொறுப்பு என்று யாராவது வாயால் சொன்னால், அதை அப்போதே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள், எழுதி வரும்வரை கொக்கியை மாட்டவிடாதீர்கள்.