ஃபாரன்சிக் டெக்கா, வங்கியா, அமலாக்கத் துறையா: முதல் வேலை எது?

ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க்கைத் தடயவியல் முறைப்படி நகல் எடுத்துச் சரிபார்க்க நாலைந்து மணி நேரமாவது பிடிக்கும். அதுவரை செய்வதற்கு வேலை ஒன்றும் கிடையாது. வாடிக்கையாளர் அலுவலகத்தில் ஏசியை அணைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். மேஜைமேல் ரைட் பிளாக்கரின் (அசல் டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் கருவி) சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். திரையில் ஒரு கோடு ஊர்ந்துகொண்டிருக்கும். ஃபாரன்சிக் டெக் வேலையில் என் முதல் மூன்று மாதம் ஏறக்குறைய இப்படித்தான் போனது.

போன மாதம் அண்ணன் மகள் இரண்டு ஆஃபர் கடிதங்களோடு வந்தபோது முதலில் இதைத்தான் சொன்னேன். கணினி அறிவியல் படித்தவள். ஒரு கடிதம் பெங்களூரில் பிக் ஃபோர் எனப்படும் நான்கு பெரிய தணிக்கை நிறுவனங்களில் ஒன்றின் ஃபாரன்சிக் டெக்னாலஜி குழுவிலிருந்து, அதாவது கம்பெனி மோசடிகளைக் கணினி வழியே துப்பறியும் குழு. இன்னொன்று, சென்னை ஓஎம்ஆரில் இருக்கும் வெளிநாட்டு வங்கி மையத்தில் ஏஎம்எல் (பணச்சலவைத் தடுப்பு) அனலிஸ்ட் வேலை. அண்ணனுக்கோ இரண்டிலும் மனசு இல்லை. மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி தேர்வு எழுதி அமலாக்கத் துறைக்குப் போகட்டும் என்கிறார். "சித்தப்பா, எதுல சேரட்டும்?" என்று கேட்டாள்.

சம்பளத்தை வைத்துப் பார்க்காதே என்றேன். ஒரு மோசடி வழக்கின் எந்தப் பகுதியில் உட்கார விரும்புகிறாய் என்பதுதான் கேள்வி. வங்கியில் இருப்பவருக்கு வழக்கு முளைவிடும் இடம் தெரியும், அது என்ன ஆனது என்று தெரியாது. ஃபாரன்சிக் குழுவுக்கு நடுப்பகுதி கிடைக்கும், அங்கேதான் அழுக்கு அதிகம். அரசு அமைப்புக்குக் கடைசிப் பகுதி, அதாவது கைது, சொத்து முடக்கம், நீதிமன்றம். மூன்றும் பார்க்க வேண்டுமென்றால் இருபது வருஷம் ஆகும்.

ஃபாரன்சிக் டெக்கில் நுழைபவர் இரண்டு வகை வேலை பார்ப்பார். ஒன்று சாதனம்: லேப்டாப், போன், சர்வர். அசலைத் தொடாமல் நகல் எடுப்பது, ஹாஷ் மதிப்பை (நகல் மாறவில்லை என்று காட்டும் விரல்ரேகை மாதிரியான எண்) குறித்துக்கொள்வது, யார் கையிலிருந்து யார் கைக்கு எத்தனை மணிக்குப் போனது என்று படிவம் நிரப்புவது. சலிப்பான வேலைதான். ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டம், மின்னணு ஆதாரத்துக்கு 63-ஆம் பிரிவின் கீழ் தர வேண்டிய சான்றிதழில் அந்த ஹாஷ் மதிப்பையே கேட்கிறது. ஒருமுறை நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அந்த நிறுவனத்தின் ஐடி ஆள், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, லேப்டாப்பைத் திறந்து 'முக்கியமான' ஃபைல்களைப் பென்டிரைவில் போட்டு வைத்திருந்தார். ஃபைல்களைக் கடைசியாகத் திறந்த தேதிகளில் பாதி அன்றைய தேதியாகிவிட்டது. அதற்கு விளக்கம் எழுதவே எனக்கு ஒரு வாரம் ஆனது.

இன்னொரு வகை வேலை, தரவு. எனக்குப் பிடித்தது இதுதான். சப்ளையர் பட்டியலில் உள்ள வங்கிக் கணக்கு எண்ணையும் ஊழியர் சம்பளக் கணக்கு எண்ணையும் எஸ்க்யூஎல்லில் (தரவுத்தளத்தில் தேடும் மொழி) பொருத்திப் பார்த்தால் சில சமயம் இரண்டு வரி வந்து நிற்கும், சப்ளையருக்கும் ஊழியருக்கும் ஒரே கணக்கு. ஐந்து லட்சத்துக்கு மேல் போனால் மேலதிகாரி கையெழுத்து வேண்டும் என்றால், 4,98,000 ரூபாய்க்கு வரிசையாக பில் வந்திருக்கும். ஒரு சப்ளையரின் பில் எண்கள் 101, 102, 103 என்று மாதாமாதம் தொடர்ந்தால் அவருக்கு உலகத்தில் வேறு வாடிக்கையாளரே இல்லை என்று அர்த்தம். ஹைதராபாத் ஐடி நிறுவனமான சத்யத்தின் வழக்கிலும் இப்படித்தான். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு மோசடியை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதிய பிறகு தோண்டியதில், 7,500-க்கும் மேற்பட்ட போலி இன்வாய்ஸ்கள் நிறுவனத்தின் சொந்த பில்லிங் மென்பொருளிலேயே கிடந்தன. சாதாரணப் பயனர்களின் கண்ணில் படாதபடி மறைத்து வைத்திருந்தார்கள். கணக்குத் தெரிந்தவரும் கணினி தெரிந்தவரும் சேர்ந்து உட்காராமல் இந்த மாதிரி விஷயம் வெளியே வராது.

அப்புறம், நம் ஊர்க்காரர்களுக்கு இங்கே ஒரு மதிப்பு உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. மின்னஞ்சல்களை அலசும்போது தேடுசொல் பட்டியல் மும்பையில் தயாராகும். லஞ்சம், கமிஷன், கேஷ் என்று எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். இங்கே ஒருவரும் அப்படி எழுதுவதில்லை. 'சாரைக் கவனிச்சிருங்க', 'ஸ்வீட் பாக்ஸ் போயாச்சா' என்றுதான் எழுதுவார்கள், அதையும் ஆங்கில எழுத்தில், ஆளுக்கொரு ஸ்பெல்லிங்கில். இந்தச் சொற்களைப் பட்டியலில் சேர்க்கத் தெரிந்த புதியவரை மேலாளர் அடுத்த வேலைக்கும் கூப்பிடுவார்.

கெட்டதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு 'நாளைக் காலை புனே' என்று வரும். ஊழியருக்குத் தெரியாமல் போய் இறங்க வேண்டும் என்பதால் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். வீட்டில் கல்யாணம் காதுகுத்து என்றால் பாதிக்கு நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

வங்கி வேலை இதற்கு நேர் எதிர். ஷிஃப்ட் முடிந்தால் முடிந்தது, லேப்டாப் கூட வீட்டுக்கு வராது. அமெரிக்கப் பிரிவு என்றால் இரவு ஷிஃப்ட்டாக இருக்கலாம், அவ்வளவுதான். கணினி எழுப்பும் அலர்ட் ஒவ்வொன்றையும் திறந்து, இந்தப் பணம் ஏன் வந்தது, எங்கே போனது, இவர் தொழிலுக்கு இது பொருந்துகிறதா என்று பார்த்து, மூட வேண்டும் அல்லது மேலே அனுப்ப வேண்டும். பெரும்பாலானவை ஒன்றுமில்லாதவை. வீடு விற்ற பணம், பிஎஃப் பணம், மகளுக்கு அனுப்பிய ஃபீஸ். ஒரு நாளைக்கு இத்தனை அலர்ட் என்று கணக்கு வேறு உண்டு. நூறாவது நாளில் கை தானாக 'மூடு' பொத்தானுக்குப் போகும். இந்த வேலையின் ஆபத்து அதுதான்.

தடைப் பட்டியல் சரிபார்ப்பு என்று தனியே ஒரு மேஜை இருக்கும். விடுதலைப் புலிகள் அமைப்பு 1997 முதல் அமெரிக்காவின் தடைப் பட்டியலில் இருக்கிறது. அதனால் டொராண்டோவில் இருக்கும் யாரோ ஒருவர் யாழ்ப்பாணத்து அத்தைக்குப் பணம் அனுப்பினாலும் சில சமயம் அவர் பெயர் பட்டியலில் உள்ள பெயரோடு இடிக்கும். இனிஷியல், அப்பா பெயர், ஊர்ப் பெயர் எது என்று புரியாமல் மென்பொருள் திணறும். தமிழ்ப் பெயர் எப்படி அமைகிறது என்று தெரிந்தவர் இரண்டு நிமிடத்தில் முடிப்பார்.

உண்மையாகவே சந்தேகம் எழுந்தால், சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கை எழுதுவார்கள். இந்தியாவில் அது நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குப் போகும். வாடிக்கையாளரிடம் மூச்சுவிடக் கூடாது. அதோடு உங்கள் பங்கு முடிந்தது. அவர் பிடிபட்டாரா இல்லையா என்று உங்களுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். சிலருக்கு இது பரவாயில்லை. எனக்கு ஒத்துவரவில்லை. ஆனால் இந்த வேலையை லேசாக நினைத்துவிடக் கூடாது. 2024 அக்டோபரில் கனடாவின் டிடி வங்கி அமெரிக்காவில் ஏறக்குறைய 300 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது இந்தக் கண்காணிப்பில் கோட்டைவிட்டதற்குத்தான்.

அண்ணனின் கனவுக்கு வருவோம். எந்தப் பட்டம் இருந்தாலும் எஸ்எஸ்சியின் பட்டதாரித் தேர்வான சிஜிஎல் எழுதி அமலாக்கத் துறையில் உதவி அமலாக்க அதிகாரியாகச் சேரலாம். ஏழாவது ஊதியக் குழுவின்படி அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாயில் தொடங்கும். தேர்வில் தடயவியலும் கிடையாது, பணச்சலவைச் சட்டமும் கிடையாது. கணக்கு, ஆங்கிலம், பொது அறிவு, ரீசனிங், கொஞ்சம் அடிப்படைக் கணினி அறிவு. அதனால் இப்போது கற்றிருக்கும் பைத்தான் அங்கே நுழைய உதவாது, நுழைந்த பிறகு உதவலாம். கிடைத்தால் மற்ற இருவரும் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத அதிகாரம் உள்ள அமைப்பில் இருக்கலாம்: சம்மன் அனுப்பும், வாக்குமூலம் வாங்கும் அமைப்பு. கிடைக்காவிட்டால் இரண்டு மூன்று வருஷம் போயிருக்கும். பயோடேட்டாவில் அந்த இடம் வெற்றாக இருக்கும்.

சான்றிதழ் பற்றிக் கேட்டாள். மோசடி விசாரணையாளருக்கான சிஎஃப்இக்கு அனுபவமும் வேண்டும், இப்போதே காசைக் கொட்டாதே. பணச்சலவைத் தடுப்புக்கான கேம்ஸ் தேர்வுக்குப் பல வங்கிகள் தாங்களே பணம் கட்டும், காத்திரு. முழுநேரமாகப் படிக்கத்தான் ஆசை என்றால் காந்திநகர் தேசிய தடயவியல் அறிவியல் பல்கலைக்கழகத்தில் டிஜிட்டல் ஃபாரன்சிக்ஸ் எம்எஸ்சி இருக்கிறது. ஆஃபர் கையில் இருக்கும்போது நான் படிக்கப் போயிருக்க மாட்டேன்.

என் கட்சியை மறைக்கவில்லை. சுற்றித் திரிய வீட்டில் தடை இல்லை என்றால் முதல் இரண்டு வருஷம் ஃபாரன்சிக் டெக். அங்கிருந்து வங்கிக்கு மாறுவது சுலபம், வங்கியிலிருந்து அங்கே வருவது கஷ்டம். ஊரைவிட்டு நகர முடியாது என்றால் வங்கிதான் சரி. ஆனால் சேரும் முன்பே, ஒரு வருஷத்தில் அலர்ட் மூடும் மேஜையிலிருந்து விசாரணைக் குழுவுக்கு மாறியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுவிட வேண்டும். பதில் சொல்லத் தயங்கினால் புரிந்துகொள்ளலாம்.

அவள் பெங்களூருக்குப் போய்விட்டாள். போன செவ்வாய்க்கிழமை இரவு பதினொன்றரைக்கு போன். "சித்தப்பா, ஒரு கோடு நகர்றதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். இன்னும் நாற்பது பர்சென்ட்."

"ஏசி ஓடுதா?" என்று கேட்டேன்.

"அணைச்சுட்டுப் போய்ட்டாங்க."