சோறு வேகும் நேரத்தில் தமிழ்: மூன்று வருட அனுபவம்

என் மகள் பள்ளியில் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது தைப்பூசத்தைப் பற்றி ஐந்து வரி எழுதி எடுத்து வந்தாள். ‘அப்பா என்னைத் தோலில் தூக்கினார்’ என்பது அதில் ஒரு வரி. வீடே சிரித்தது. சிரித்து முடித்துவிட்டு நோட்டைப் பின்னால் புரட்டினேன். பக்கத்துக்குப் பத்து சிவப்பு வட்டம். டியூஷனுக்கு அனுப்பினோம். வாரத்தில் இரண்டு நாள், ஒன்றரை மணி நேரம், கட்டுக் கட்டாகப் பயிற்சித் தாள். மூன்று மாதம் கழித்தும் தோள் தோலாகவேதான் இருந்தது. பிள்ளைதான் தமிழ் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தொடங்கினாள்.

அப்புறம்தான் வீட்டிலேயே சின்னச் சின்னப் பாடமாக நடத்திப் பார்த்தேன். இப்போது அவள் ஐந்தாம் ஆண்டு, தம்பி இரண்டாம் ஆண்டு. 2021-இல் ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யூ.பி.எஸ்.ஆரை ரத்து செய்ததிலிருந்து மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் பிள்ளைகளின் எழுத்தைப் பற்றிப் பெற்றோர் பலர் கவலைப்படுவதில்லை. கவலைப்படுகிற சிலருக்காக இதை எழுதுகிறேன்.

திங்கள் முதல் வியாழன் வரை பாடம். சாயங்காலம் ஏழு மணிக்கு ரைஸ் குக்கரில் அரிசியைப் போட்டு பட்டனை அழுத்தியதும் தொடங்குவோம். பட்டன் ‘டக்’கென்று ஏறிவிட்டால் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் முடிந்தது. எங்கள் இரண்டு குவளை அரிசி இருபது நிமிடத்துக்குள் வெந்துவிடும். கடிகாரத்தோடு மல்லுக்கு நிற்கும் பிள்ளை, சோற்றுப் பானையோடு மல்லுக்கு நிற்பதில்லை. இரண்டு நாள் பார்த்து எழுதுதல், ஒரு நாள் இலக்கணம், ஒரு நாள் சொல்வதெழுதுதல். நோட்டும் பென்சிலும்தான் செலவு.

எழுத்துப் பிழைக்கு இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை. ல, ள, ழ மூன்றுக்கும் விதி சொல்லித் தப்பிக்க முடியாது. நாம் பேசும்போதே மூன்றையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறோம், பிள்ளையின் காது என்ன செய்யும்? கண்தான் பழக வேண்டும். அதனால் திங்கட்கிழமை மூன்றே வரி, நிதானமாகப் பார்த்து எழுத வேண்டும். சிரமமான சொல்லைப் பார்த்துவிட்டு, கண்ணை மூடி, மனத்துக்குள் ஒரு தடவை எழுதிப் பார்க்கச் சொல்வேன். அதே மூன்று வரியைத்தான் வியாழக்கிழமை சொல்வேன், புதிதாக எதையும் சொல்லி மடக்குவதில்லை. பென்சில் தயங்கினால் தப்பாக எழுதும்வரை காத்திருக்காமல் எழுத்தைச் சொல்லிவிடுவேன். ‘பிழையைக் கண்டுபிடி’ தாள்களை அடியோடு நிறுத்தினேன். தப்பான சொல்லையே பத்துத் தடவை பார்த்தால் அதுதான் கண்ணில் ஒட்டிக்கொள்கிறது.

ண, ந, ன கதை வேறு. அதற்கு அழகான விதி இருக்கிறது. ட-வுக்கு முன்னால் ண் (வண்டி), த-வுக்கு முன்னால் ந் (பந்து), ற-வுக்கு முன்னால் ன் (கன்று). டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்ற பெயர்களுக்குள்ளேயே விதியை வைத்திருக்கிறார்கள். நான் ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்தும் ‘மூணு சுழி, ரெண்டு சுழி’ என்றே ஒப்பித்துவிட்டு வந்தவள். இது எனக்கே முப்பத்தாறு வயதில்தான் விளங்கியது. ர், ற் குழப்பத்துக்கும் பாதி மருந்து உண்டு. ர் இரட்டிக்காது, ற் சொல்லின் கடைசியில் நிற்காது. காற்று, நாற்று எல்லாம் ஒரே வாரத்தில் சரியாகிவிட்டன.

இலக்கணம் சுமார்தான், அதில் என் தப்பும் இருக்கிறது. வலிமிகும் இடங்களை மட்டும் இரண்டு வாரம் நடத்தினேன். ‘அந்தப் பையன்’, ‘கடைக்குப் போனேன்’, ‘பாலைக் குடித்தேன்’ எல்லாம் பிசகாமல் வந்தன. மூன்றாம் வாரம் பார்த்தால் ‘ஓடியப் பூனை’, ‘வந்தப் பாட்டி’ என்று கண்ட இடத்திலெல்லாம் ஒற்று முளைத்திருந்தது. வலிமிகா இடத்தைக் கூடவே சொல்லியிருக்க வேண்டும். ஒரு, ஓர் பாடம் மட்டும் ஒரே நாளில் ஏறிவிட்டது. கொஞ்சம் கூடுதலாகவே ஏறிவிட்டது. மறுநாள் கடையில், “அண்ணே, ஓர் ஆப்பம், ஒரு தேநீர்” என்று அவள் கேட்க, கடைக்கார அண்ணன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு கிழித்து வீட்டுச் சொல், நோட்டுச் சொல் என்று பிரித்து வைத்தோம். காடி என்றால் மகிழுந்து, சிலுவார் என்றால் காற்சட்டை, பாசார் என்றால் சந்தை. பசியாறுதல் மட்டும் இரண்டு பக்கமும் இருக்கிறது. அதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

பெரிய சறுக்கல் போன வருடம், ஆண்டிறுதிச் சோதனைக்கு முன்னால். பயத்தில் பாடத்தை முக்கால் மணி நேரமாக இழுத்தேன். பத்து நாளில் மகளுக்குத் தினமும் சரியாக ஏழு மணிக்கு வயிறு வலித்தது. என் அத்தை, பிள்ளைகளுக்குப் பாட்டி, வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் சீவியவர். “பட்டைய மெல்லிசாத்தாம்மா சீவணும். ஆழமா விட்டா மரம் காயமாயிடும், அப்புறம் அந்த எடத்துல பாலே ஒழுங்கா வராது” என்றார். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. மறுநாள் மறுபடியும் குக்கரை எடுத்தேன்.

கட்டுரைக்கு இந்த முறை போதாது. முதல் வருடம் பிழையே இல்லாத, உயிரும் இல்லாத மூன்று வாக்கியம்தான் கிடைத்தது. பிறகு ஒன்றைக் கண்டுகொண்டோம். வாயால் சொல்ல வராததைப் பிள்ளையால் எழுத முடியாது. அதனால் முதல் நாள் கதை கேட்பாள், இரண்டாம் நாள் எனக்குத் திருப்பிச் சொல்வாள், அதற்குப் பிறகுதான் தினம் ஒரு பத்தி எழுத்து. அந்த வாரம் மற்றப் பாடம் எதுவும் கிடையாது.

அப்படித்தான் அத்தை தோட்டத் துண்டாடல் கதையைச் சொன்னார். முதலாளிகள் தோட்டங்களைக் கூறு போட்டு விற்க, வேலையும் வீடும் போய் ஜனங்கள் நின்ற காலம். இந்த ஊரில் பிறந்த, அப்போது அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாக (ரிங்கிட்) சேர்த்து, தோட்டங்களை வாங்க வழி செய்தார். அத்தையின் அப்பாவும் கட்டியிருக்கிறார். மகள் இப்படி எழுதினாள்: ‘பாட்டியின் அப்பா பத்து வெள்ளி கொடுத்தார். அன்று அவரிடம் பன்னிரண்டு வெள்ளிதான் இருந்தது.’ டியூஷன் தாள் எதிலும் அவள் இப்படி இரண்டு வரி எழுதியதில்லை.

தம்பிக்குப் பார்த்து எழுதுவது பிடிக்காது. வெள்ளைப் பலகையும் மார்க்கரும் கொடுத்தால் எழுதுவான், பத்து நிமிடத்துக்குமேல் தாங்கமாட்டான். அத்தை மூன்றாம் வகுப்போடு நின்றவர், இன்னும் பழைய ‘லை’யைத்தான் துதிக்கை போட்டு எழுதுவார். தமிழ்நாட்டு அரசு 1978-இல் சீர்திருத்திய எழுத்துகளில் அதுவும் ஒன்று. நோட்டில் அப்படி எழுதக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். பலகையில் அவன் வரைவதெல்லாம் அந்த யானைகளைத்தான்.

அடுப்படியில் அரிசியை அளந்து போடுவது இப்போது அவன் வேலை. குவளை குறைந்தால் பட்டன் சீக்கிரம் ஏறும் என்பதைப் பயல் கண்டுபிடித்துவிட்டான். போன புதன்கிழமை ராத்திரி எங்கள் வீட்டில் சோறு பற்றவில்லை.