தேரி மணலுக்கு எந்த குரூசர்? தடித்த டயர் சைக்கிள்கள் ஓர் அலசல்

திருச்செந்தூரிலிருந்து மணப்பாடு போகும் தார்ச்சாலை. அதை விட்டு உள்ளே இறங்கினால் பனங்காட்டு வண்டித்தடம். காயாமொழிப் பக்கம் போனால் தேரி என்கிற செம்மணல் மேடுகள், இந்தப் பக்கம் கடற்கரை. இத்தனையிலும் ஒரே சைக்கிள், அதுவும் நிமிர்ந்து உட்கார்ந்து முதுகு நோகாமல் ஓட்டுகிற குரூசர் வகைச் சைக்கிள் வேண்டும் என்றால் மூன்று வகை எதிரே நிற்கும். 26 × 2.125 டயர் (சக்கர விட்டம் × டயர் அகலம், அங்குலத்தில்) போட்ட பழைய பாணி குரூசர், 26 × 4.0 ஃபேட் டயர் குரூசர், இரண்டுக்கும் நடுவே 3 அங்குல டயர் ஏற்கும் 27.5 அங்குல சைக்கிள்.

பழைய குரூசரைச் சீக்கிரம் பேசி முடித்துவிடலாம். 1933-இல் அமெரிக்காவின் ஷ்வின் நிறுவனம் கொண்டுவந்த அகல டயர்தான் அதன் அடையாளம். குண்டும் குழியுமான சாலைக்கு அருமை. அலை நனைத்து இறுகிய மணலிலும் ஓரளவு ஓடும். தேரியில் இறக்கினால் சில அடியிலேயே முன்சக்கரம் புதைந்து திரும்பிக்கொள்ளும், அப்புறம் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

மணலில் மிதப்பது டயரின் தடிமனால் மட்டும் அல்ல, உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தால். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ என்று வையுங்கள். நிமிர்ந்த இருக்கை என்பதால் பின்சக்கரத்தில் சுமார் 60 கிலோ விழும். 35 பிஎஸ்ஐ-யில் (சதுர அங்குலத்துக்கு 35 பவுண்டு அழுத்தம்) அந்தப் பாரம் நாலு சதுர அங்குலத்துக்கும் குறைவான இடத்தில் தரையை அழுத்தும். 8 பிஎஸ்ஐ-க்கு இறக்கினால் அதுவே ஏறக்குறைய 16 சதுர அங்குலமாகப் பரவும். 2.125 டயரில் இவ்வளவு காற்றை இறக்கினால் ரிம் தரையில் இடிக்கும். 4 அங்குல டயர் தாங்கும். ஆனால் கடைக்காரர் அடித்துக் கொடுத்த 20, 25 பிஎஸ்ஐ-யிலேயே தேரிக்குள் போய்விட்டு, ‘ஃபேட் டயரும் புதையுதே’ என்று சொல்பவர்கள் நிறைய. காற்றை இறக்கினாலும் செங்குத்தான மேட்டில் இறங்கித் தள்ளத்தான் வேண்டும் என்பது வேறு விஷயம்.

சரி, இறக்கியாயிற்று. திரும்பத் தார்ச்சாலைக்கு வந்ததும் மறுபடி அடிக்க வேண்டுமே! அந்தக் கொள்ளளவுக்குச் சின்ன கைப்பம்பு அடித்து முடிப்பதற்குள் தோள் கழன்றுவிடும். அடிக்காமல் ஓட்டினால் ஹேண்டில் தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம் இழுக்கும். பம்பில் இருக்கும் 160 வரை காட்டும் மீட்டரில் 6-க்கும் 10-க்கும் வித்தியாசம் தெரியாது. குறைந்த அழுத்தத்துக்கென்றே உள்ள கேஜ் தனியாக வாங்க வேண்டும்.

விளம்பரங்கள் சொல்லாத இன்னொன்று கியர். 4 அங்குல டயர் ஏறியதும் 26 அங்குலச் சக்கரத்தின் வெளிவிட்டம் 29 அங்குலத்தை ஒட்டிப் போய்விடும். பழைய குரூசரில் இருக்கும் அதே பல்சக்கரங்களைப் போட்டால் மிதி சுமார் 12 சதவீதம் கனக்கும். சைக்கிளின் எடையும் கூடுதல். ஆடி மாத மேல்காற்றில், நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்து, ஒற்றை கியரில் இதை மிதிப்பது தண்டனை. அதனால் ஃபேட் டயரில் கியர் இல்லாத மாடலை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக்கும் மணலுக்கு ஆகாது. நின்ற இடத்திலிருந்து கிளம்ப, பெடலைப் பின்னால் சுழற்றி மேலே கொண்டுவர அதில் வழியில்லை. டிஸ்க் பிரேக் நல்லது.

முள் விஷயத்தில் மூன்றும் ஒன்றுதான். உடைமுள்ளுக்கு அகல டயர், குறுகிய டயர் என்ற பேதம் கிடையாது. ஆனால் 26 × 4.0 டியூப் ஊர்ப் பஞ்சர் கடையில் கிடைப்பது அரிது, கூடவே ஒன்று வைத்திருங்கள். அவசரத்துக்கு 2.5 அங்குல டியூபைப் போட்டு வீடு வந்து சேரலாம்.

3 அங்குல டயர் இந்த இரண்டுக்கும் நடுவில் சமரசமாக நிற்கிறது. 12 முதல் 15 பிஎஸ்ஐ-யில் வைத்துவிட்டால் வண்டித்தடம், சரளை, கெட்டுப்போன தார் மூன்றிலும் காற்றைத் தொடாமலே ஓட்டலாம். பெடல்களுக்கு இடையே அகலமும் ஃபேட் சைக்கிளை விடக் குறைவு என்பதால் முழங்கால் வலிக்காரர்களுக்கு இதுவே உகந்தது. குறை என்னவென்றால் இது குரூசர் வடிவில் வருவது அபூர்வம். மலைச் சைக்கிள் ஃபிரேம் ஒன்றில் பின்னோக்கி வளைந்த ஹேண்டில்பாரும் அகல சீட்டும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

என் ஓட்டு இந்த 3 அங்குலத்துக்குத்தான். வாராவாரம் தேரிக்குள்ளோ காய்ந்த கடல்மணலிலோ இறங்குபவர் மட்டும் 4 அங்குலத்துக்குப் போகலாம். அப்படிப் போகிறவர் உப்பையும் கணக்கில் வைக்க வேண்டும். கடற்கரையிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, செயினைத் துடைத்து எண்ணெய் விடாவிட்டால் துரு ஏறிவிடும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்ச வேண்டாம், மணல் பேரிங்குக்குள் போய்விடும்.