ஃபைண்ட் எ கிரேவ் ரிவ்யூ: நெப்ராஸ்கா சோளக்காட்டுக்கு நடுவுல புருஷன் வீட்டு வம்சத்தைத் தேடினப்போ

காசு கேக்காத சைட்டுக்கு எதுக்குடி ரிவ்யூன்னு என் ஃப்ரெண்டே கேட்டுட்டா. காசு இல்லதான், ஆனா நம்ம நேரத்தை மொத்தமா முழுங்கிடும், ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு பேரைத் தேட ஆரம்பிச்சா விடியக்காலைல யாரோட சித்தப்பா கல்லறையையோ பார்த்துட்டு உக்காந்திருப்போம். அதனால எதுக்கு உதவும், எதுக்கு உதவாதுன்னு யாராவது எழுதித்தான் ஆகணும். அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுக்கறேன். அந்த ஒரு ஸ்டார் ஏன் குறைஞ்சுதுன்னு கீழ சொல்றேன்.

முதல்ல தெரியாதவங்களுக்கு. ஜிம் டிப்டன்னு ஒருத்தர் 1995ல பிரபலங்களோட கல்லறை எங்கெங்க இருக்குன்னு பட்டியல் போட ஆரம்பிச்ச சைட் இது, அப்புறம் சாதாரண ஜனங்களோட கல்லறையும் சேர்ந்துக்கிட்டே போயி இப்ப 20 கோடிக்கும் மேல பேரு இருக்கு, 2013ல ஆன்செஸ்ட்ரிங்கற வம்சாவளி தேடற சைட் கம்பெனி வாங்கிடுச்சு. ஆனாலும் இலவசம்தான். ஃபோட்டோ எடுத்துப் போடறது, எழுத்தைப் படிச்சு டைப் பண்றது எல்லாம் வாலன்டியர்ஸ், நம்மளை மாதிரி ஆளுங்க. நாம போக முடியாத ஊரா இருந்தா ஃபோட்டோ ரிக்வெஸ்ட் போடலாம், அந்தப் பக்கத்துல இருக்கற யாரோ ஒரு புண்ணியவான் போய் எடுத்துப் போடுவார். முன்னப்பின்ன தெரியாதவங்களுக்காக வெயில்ல நின்னு ஃபோட்டோ எடுக்கற ஜனங்க இருக்காங்கன்னு நினைச்சாலே சந்தோஷமா இருக்கு.

என் கதை என்னன்னா, வீட்டுக்காரர் அமெரிக்கர், அவரோட அம்மா வழி ஆளுங்க ஜெர்மனிலேர்ந்து வந்து தென்கிழக்கு நெப்ராஸ்கால நிலம் வாங்கி விவசாயம் பண்ண லூத்தரன் குடும்பம். மாமியாருக்கு அவங்க பாட்டி வரைக்கும்தான் தெரியும். அதுக்கு மேல "சோளம் போட்டாங்க, பன்னி வளர்த்தாங்க, நிறைய பிள்ளைங்க" அவ்ளோதான். எங்க அப்பா வழில எரிக்கிற வழக்கம், கல்லும் கிடையாது எழுத்தும் கிடையாது, பட்டா சிட்டாவை வச்சு கொள்ளுத்தாத்தா பேரு வரைக்கும் போனதே பெரிய விஷயம். அதனால இங்க ஒரு விவசாயக் குடும்பத்துக்கு நாலு தலைமுறை பேரும் தேதியும் கல்லுல வெட்டி வச்சிருக்காங்கன்னதும் எனக்கு வந்த ஆர்வம் அவருக்கே வரலை!

சைட்டை எப்படி யூஸ் பண்ணணும்னா, குடும்பப் பேரைப் போட்டுத் தேடாதீங்க. ஜெர்மன் பேரை அந்தக் காலத்துல ஒவ்வொரு கிளார்க்கும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருப்பான். கல்லறைத் தோட்டத்தோட பேரைப் போட்டு அதோட பக்கத்துக்குப் போயி அங்க இருக்கற எல்லா பேரையும் வரிசையாப் படிங்க. டவுன்ல இருக்கற பெரிய கல்லறைத் தோட்டத்துல இது நடக்காது, ஆனா கிராவல் ரோட்டோரம் சோளத்துக்கும் சோயாவுக்கும் நடுவுல வேலி போட்ட கால் ஏக்கர்ல முடியும், ஏன்னா அங்க மொத்தமே ஏழெட்டு குடும்பம்தான், அவங்களேதான் ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தி, பக்கத்து நிலத்துக்காரன், ஞானஸ்நானத்துக்கு நின்னவன் எல்லாம்.

இந்த மாதிரி இடத்துக்கு கல்லு ஏன் இவ்ளோ முக்கியம்னா, நெப்ராஸ்கால மாநில அளவுல பிறப்பு இறப்பு பதிய ஆரம்பிச்சதே 1904லதான். அதுக்கு முன்னாடி செத்தவங்களுக்கு மாநிலம் குடுத்த டெத் சர்ட்டிஃபிகேட்னு ஒண்ணு கிடையாது. 1890 சென்சஸ் 1921ல வாஷிங்டன்ல நடந்த தீ விபத்துல பாழாகி, கடைசில கிட்டத்தட்ட மொத்தமும் போச்சு. ஆக 1880க்கும் 1900க்கும் நடுவுல, சரியா இவங்க குடியேறி வேரூன்ற காலத்துல, இருபது வருஷம் பெரிய ஓட்டை. நடுவுல 1885ல நெப்ராஸ்கா தனியா ஒரு சென்சஸ் எடுத்துச்சு, அது கொஞ்சம் கை குடுக்கும், மீதிக்கு கல்லுதான்.

இப்ப அந்த ஒரு ஸ்டார். சைட்ல இருக்கறது கல்லோட க்ளோசப் ஃபோட்டோ, பக்கத்துல யார் இருக்காங்கன்னு பெரும்பாலும் தெரியாது. யார் பக்கத்துல யாரைப் புதைச்சிருக்காங்க, எந்த வரிசை, எங்க இடம் காலியா விட்டிருக்காங்க, இதெல்லாம்தான் குடும்பத்தோட கதை. அடுத்து, அப்பா அம்மா பேரை அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கற வாலன்டியர் லிங்க் பண்ணிடலாம், மத்தவங்களும் திருத்தம் அனுப்பலாம், ஆதாரம் காட்டணும்னு கட்டாயம் இல்ல. ஒருத்தர் தப்பா போட்டதை இன்னொருத்தர் அப்படியே எடுத்து அவரோட குடும்ப மரத்துல ஒட்டிக்குவார், கொஞ்ச நாள்ல அதுவே வரலாறு ஆயிடும். கல்லுல வெட்டியிருக்கறதை நம்புங்க, கீழ டைப் பண்ணியிருக்கற பயோவை சரிபார்க்காம நம்பாதீங்க. விளம்பரமும் உண்டு, செத்தவங்களுக்கு ஆன்லைன்ல பூ வைக்கற பட்டனும் உண்டு, எனக்கு அது ஒட்டலை, மாமியாருக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.

அதனால நேர்ல போயே ஆகணும். போனப்போ முதல்ல கண்ணுல பட்டது நீலம் கலந்த சாம்பல் நிறத்துல ஒரு உயரமான தூண், சுத்தி இருக்கற மார்பிள் எல்லாம் மழைல கரைஞ்சு எழுத்து போயிருக்க, இதுல மட்டும் நேத்து வார்த்த மாதிரி எழுத்து. விரல் முட்டியால தட்டினா காலி டப்பா மாதிரி ணங்குன்னு சத்தம். அது கல்லே இல்ல, துத்தநாகம், கனெக்டிகட்ல பிரிட்ஜ்போர்ட் ஊர்ல மானுமென்டல் பிரான்ஸ்னு ஒரு கம்பெனி 1870கள்லேர்ந்து 1914 வரைக்கும் வார்த்து வித்தது. அதுலதான் மாமியாரோட கொள்ளுத்தாத்தா.

அவர் காலடில மார்பிள்ல படுத்திருக்கற ஒரு ஆட்டுக்குட்டி, காது மூக்கெல்லாம் மழுங்கிப் போச்சு. குழந்தைங்க கல்லறைக்கு இந்தப் பக்கம் ஆட்டுக்குட்டிதான் செதுக்குவாங்க. சைட் ஃபோட்டோல எழுத்து தெரியலை, நாங்க ஒரு கண்ணாடியைப் பிடிச்சு வெயிலைப் பக்கவாட்டுல அடிச்சதும் அப்படியே எழும்பி வந்துச்சு. 1881 மார்ச் 4 இறப்பு, வயசு 2 வருஷம் 5 மாசம் 12 நாள். பிறந்த தேதி போடாம இப்படி வயசு போடறது அப்போ சகஜம். கழிச்சுப் பார்த்தா 1878 செப்டம்பர் 22. 1880 ஜூன் சென்சஸ்ல அந்த வீட்ல ஒரு வயசுப் பொண்ணு இருக்கா, சரியா பொருந்துது. அதே கல்லுக்குப் பின்னாடி அவ தம்பி, அதே மார்ச் மாசம். என்ன வியாதின்னு கல்லு சொல்லாது, நாமளா டிஃப்தீரியான்னு எழுதிடவும் கூடாது.

அப்புறம் 1900 சென்சஸ். அதுல பொம்பளைங்ககிட்ட மொத்தம் எத்தனை பிள்ளை பெத்தீங்க, இப்ப எத்தனை உயிரோட இருக்குன்னு கேட்டிருக்கான். இந்தக் கொள்ளுப்பாட்டி சொன்னது ஒன்பது, அஞ்சு. அப்போ நாலு போச்சு. கல்லு பார்த்தா அந்த ரெண்டு, 1898ல செத்த வளர்ந்த பையன் ஒண்ணு, மூணுதான். நாலாவது எங்க? ஆட்டுக்குட்டிக்கும் அம்மா கல்லுக்கும் நடுவுல ஒரு முழ இடம் சும்மா கிடக்கு. அந்தக் கல்லறைத் தோட்டத்து சர்ச் எப்பவோ மூடியாச்சு, அதோட ரெஜிஸ்டர் எங்க போச்சுன்னு உள்ளூர் வரலாற்றுச் சங்கத்துல விசாரிச்சு, பழைய ஜெர்மன் கையெழுத்து படிக்கத் தெரிஞ்ச ஒரு பெரியவரை வச்சு படிச்சதுல, 1884ல ரெண்டு நாள் குழந்தை, பேர் வைக்கலை, அங்கதான் புதைச்சதுன்னு ஒரே ஒரு வரி. மாமியார் அந்த வரியை ரெண்டு தடவை படிக்கச் சொன்னாங்க. கல்லு இல்லைன்னாலும் சைட்ல பக்கம் போடலாம், ரெஜிஸ்டர் விவரத்தோட போட்டாச்சு.

நிலத்தோட கதைக்கு இந்த சைட் உதவாது. 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி குடியேறினவங்களுக்கு அரசாங்கம் 160 ஏக்கர் வரைக்கும் குடுத்துச்சு, மொத்த ஃபீஸ் 18 டாலர், அஞ்சு வருஷம் அங்கயே குடியிருந்து உழுது காட்டணும். பட்டா மாதிரி ஒண்ணு குடுப்பாங்க, அதை நில மேலாண்மைத் துறையோட ஜெனரல் லேண்ட் ஆபீஸ் சைட்ல இலவசமா பார்க்கலாம். உண்மையான புதையல் நேஷனல் ஆர்க்கைவ்ஸ்ல, அதாவது அமெரிக்க அரசு ஆவணக் காப்பகத்துல இருக்கற கேஸ் ஃபைல், நெப்ராஸ்கா ஃபைல் எல்லாம் டிஜிட்டல் ஆயாச்சு. வீட்டோட நீள அகலம், எத்தனை ஏக்கர் உழுதான், கிணறு வெட்டினானா, வெளிநாட்டுக்காரன்னா குடியுரிமைப் பேப்பர், எல்லாம் அதுக்குள்ள இருக்கும். "ஆமா இவன் இங்கதான் இருந்தான்"னு ரெண்டு பக்கத்து நிலத்துக்காரங்க சாட்சி சொல்லணும். எங்க ஃபைல்ல சாட்சி சொன்ன ரெண்டு பேரும் அதே கல்லறைத் தோட்டத்துல இருக்காங்க! ஒருத்தர் எதிர் வரிசை, அவர் பொண்ணுதான் இந்த வீட்டு மருமகளா வந்திருக்கா. எதுக்கு அந்த ரெண்டு குடும்பக் கல்லும் முகம் பார்த்து நிக்குதுன்னு அப்பதான் புரிஞ்சுது.

வேற ஆப் கேட்டா, பில்லியன்கிரேவ்ஸ்ல ஒவ்வொரு கல்லுக்கும் ஜிபிஎஸ் இருக்கும், எது எது பக்கத்துலன்னு மேப்ல தெரியும், ஆனா சின்ன கிராமத்துக் கல்லறைங்களுக்கு ஃபைண்ட் எ கிரேவ் அளவுக்கு ஆளு இல்லன்னு என் எண்ணம். சென்சஸுக்கு ஃபேமிலிசர்ச் போதும், அதுவும் இலவசம், 1950 சென்சஸ் வரைக்கும் வந்தாச்சு. மாசச் சந்தா சைட் ஒண்ணு டிரையல் முடிஞ்சதும் சொல்லாம கொள்ளாம கார்டுல காசு எடுத்துட்டான், பேர் வேணாம், காலண்டர்ல ரிமைண்டர் போட்டுக்கோங்க.

போறவங்க கம்பி பிரஷ், ப்ளீச், ஷேவிங் க்ரீம் எதையும் கல்லு மேல போடாதீங்க, சாதா தண்ணியும் மெத்து பிரஷ்ஷும் போதும், ஆடற கல்லைத் தொடவே வேணாம். சிக்னல் கிடைக்காது, லிஸ்ட்டை முன்னாடியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க. ஃபோட்டோ எடுக்கும்போது ஒவ்வொரு கல்லா எடுத்த கையோட முழு வரிசையையும் ஒண்ணா எடுங்க, பின்பக்கத்தையும் எடுங்க. ஜூலைல போனா உண்ணி ஏறும், சாக்ஸுக்குள்ள பேண்ட்டைச் செருகிக்கோங்க, பார்க்க அசிங்கமாத்தான் இருக்கும், அங்க யார் பார்க்கப் போறா.