ஸ்காட்ச் விஸ்கி செய்யக் கற்க: ஒரு நாளா, ஒரு வாரமா, ஒரு வருடமா?

1919 ஏப்ரலில் மசட்டாகா டாகெட்சுரு என்ற 24 வயது ஜப்பானிய இளைஞர் ஸ்காட்லாந்தின் எல்ஜின் ஊருக்கு ரயிலேறிப் போனார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தவர் அவர். விஸ்கி தயாரிப்பைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய நிபுணர் ஒருவர் அந்த ஊரில் இருந்தார். அவரிடம் பாடம் கேட்கலாம் என்று போனால், கேட்ட கட்டணம் கட்டுப்படியாகவில்லை. பக்கத்திலேயே இருந்த லாங்மோர்ன் வடிசாலையில் போய்க் கேட்டார். ஐந்து நாள் உள்ளே விட்டார்கள். அடுத்த ஆண்டு கேம்பெல்டவுனில் இருந்த ஹேசல்பர்ன் வடிசாலையில் சில மாதங்கள் வேலை பழகினார். அங்கே எழுதிய குறிப்புகளோடு ஊர் திரும்பியவர், 1934ல் யோய்ச்சியில் தன் சொந்த வடிசாலையைத் தொடங்கினார். அதுதான் இன்றைய நிக்கா விஸ்கி நிறுவனம்.

பல்கலைக்கழகம், புத்தகம், ஐந்து நாள் பயிற்சி, மாதக்கணக்கில் வேலை. நூறு வருடம் கழித்தும் ஸ்காட்ச் செய்யக் கற்க நினைப்பவர் முன்னால் இருப்பவை கிட்டத்தட்ட இதே வழிகள்தான். கேம்பெல்டவுனில் ஸ்பிரிங்பேங்க் நடத்தும் ஒரு வார விஸ்கி பள்ளி, ஸ்பேசைடில் பாலின்டாலக் வடிசாலையின் ஒரு நாள் பயிற்சி, வீட்டிலிருந்தே படித்து எழுதும் சான்றிதழ்த் தேர்வுகள், எடின்பரோவில் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தின் முதுகலைப் படிப்பு. நான்கையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க முடியும். அதற்கு முதலில் எதைக் கற்கப் போகிறோம் என்று தெளிவாக இருக்க வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விஸ்கியைப் பற்றி அறிவது வேறு, விஸ்கி செய்வது வேறு. இரண்டாவதுதான் உங்கள் ஆசை என்றால், ஒரு வாரம் ஸ்பிரிங்பேங்க். மற்றவை அதற்கு முன்னாலோ பின்னாலோ வரலாம்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், இந்தத் தொழிலைக் கற்றுவிட்டு வீட்டில் பழகிப் பார்க்க முடியாது. கேக் செய்யக் கற்றால் மறுநாளே அடுப்பில் வைத்துப் பார்க்கலாம். சாராயம் காய்ச்ச பிரிட்டனில் உரிமம் வேண்டும். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆகவே, ஒரு வடிசாலைக்குள் உங்கள் கையில் கொடுக்கப்படும் மண்வெட்டியும் வால்வும்தான் உங்களுக்குக் கிடைக்கும் முழுப் பழக்கமும். எத்தனை மணி நேரம் அது கையில் இருக்கும் என்பதை வைத்துத்தான் நான் பயிற்சிகளை எடை போடுகிறேன்.

ஸ்பிரிங்பேங்க் 1828ல் தொடங்கியது. கின்டயர் தீபகற்பத்தின் தென்கோடியில், கிளாஸ்கோவிலிருந்து பஸ்ஸில் நான்கு மணி நேரத்துக்கு மேல். ஒரு காலத்தில் முப்பதுக்கும் அதிகமான வடிசாலைகள் புகை கக்கிய சிறு ஊர் கேம்பெல்டவுன். 1934 வாக்கில் மிஞ்சியவை இரண்டே இரண்டு. டாகெட்சுரு வேலை பழகிய ஹேசல்பர்னும் 1925ல் மூடப்பட்டுவிட்டது. தான் மூன்று முறை வடிக்கும் ஒரு விஸ்கிக்கு அந்தப் பெயரை வைத்து ஸ்பிரிங்பேங்க் இன்றும் காப்பாற்றி வருகிறது.

இந்த இடத்தை மற்ற எல்லாவற்றிலிருந்தும் பிரிப்பது மால்ட் தளம். மால்ட் என்றால் முளைகட்டி உலர்த்திய பார்லி. இன்று பெரும்பாலான வடிசாலைகளுக்கு மால்ட் லாரியில் வந்து இறங்குகிறது; பெரிய மால்ட் ஆலைகள் முளைகட்டி, உலர்த்தி, கேட்ட அளவு புகையேற்றி அனுப்பிவிடும். பால்வெனி, கில்கோமன் போன்ற சில இடங்களில் தங்கள் தேவையில் ஒரு பங்கைத் தாங்களே தயாரிக்கும் வழக்கம் உண்டு. தனக்கு வேண்டிய மால்ட் முழுவதையும் தன் தளத்திலேயே செய்துகொள்கிறது ஸ்பிரிங்பேங்க். ஆகவே அங்கே பாடம் பார்லியிலிருந்தே தொடங்குகிறது. வேறு இடத்தில் அது அரவை இயந்திரத்தில்தான் தொடங்கும்.

இது ஏன் முக்கியம்? நம் வீட்டில் பச்சைப்பயறு முளைகட்டிய துணியைப் பிரித்தவர்களுக்குத் தெரியும்: கொஞ்சம் விட்டுவிட்டால் வேரும் வேரும் பின்னி ஒரே பாய் போலாகிவிடும், நடுவில் கை வைத்தால் சூடு. அதையே டன் கணக்கில், ஒரு பெரிய தளம் முழுக்கப் பரப்பிவைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். ஊறிய பார்லியை மரச் சட்டுவத்தால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் கூட, புரட்டிப் போட வேண்டும். அந்தக் காலத்து மால்ட் தொழிலாளிகளுக்கு இதனால் ஒரு பக்கத் தோள் சரிந்து போகும். அதற்கு ‘குரங்குத் தோள்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். முளை போதுமா என்று பார்க்க ஒரு மணியை எடுத்துக் கட்டைவிரலால் நசுக்கித் தேய்ப்பார்கள். சாக்கட்டி போல வழவழவென்று பரவினால் உள்ளே மாவு தளர்ந்துவிட்டது, சூளைக்கு அனுப்பலாம். நடுவில் கெட்டியாக நெருடினால் இன்னும் நாள் இருக்கிறது. எந்தத் தேர்வுக்குப் படித்தாலும் ‘ஸ்டார்ச்சைச் சுற்றியுள்ள சுவர்கள் சிதைகின்றன’ என்ற வரி வரும். அந்த வரிக்கு விரல் நுனியில் என்ன பொருள் என்பது இந்தத் தளத்தில் நின்றால்தான் தெரியும்.

சூளையிலும் அப்படித்தான். அங்கே ஸ்பிரிங்பேங்க் மால்ட்டுக்குச் சுமார் ஆறு மணி நேரம் பீட் புகை, பிறகு வெறும் சூடான காற்று. அதே வடிசாலையின் இன்னொரு விஸ்கியான லாங்ரோவுக்கு 48 மணி நேரம் வரை புகை. ஹேசல்பர்னுக்குப் புகையே கிடையாது. பீட் என்பது சதுப்பு நிலத்தில் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மக்கிப் படிந்த மண்கட்டி. நன்றாகக் கொழுந்துவிட்டு எரிந்தால் பயனில்லை, புகைய வேண்டும். அந்தப் பக்குவத்தைக் காகிதத்தில் எழுதிக் கொடுக்க முடியாது.

அப்புறம் வடிப்பு. இங்கேயும் ஒரு விசேஷம். லாங்ரோ இரண்டு முறை வடிக்கப்படும், ஹேசல்பர்ன் மூன்று முறை, ஸ்பிரிங்பேங்க் ‘இரண்டரை முறை’. இரண்டரை என்றால் என்ன என்று பலர் குழம்புகிறார்கள். முதல் கலனிலிருந்து வரும், லோ வைன்ஸ் எனப்படும் வலிமை குறைந்த திரவத்தில் பெரும்பகுதியை இன்னொரு முறை வடித்து எடுக்கிறார்கள். கடைசிக் கலனில் அதை எண்பது பங்கும், நேராக முதல் கலனிலிருந்து வந்ததை இருபது பங்கும் சேர்த்து ஊற்றுகிறார்கள். அதாவது எண்பது பங்கு மூன்று முறை வடிந்தது, இருபது பங்கு இரண்டு முறை. ஒரே கூரையின் கீழ் மூன்று வழிமுறை என்பது மாணவருக்குப் பெரிய வரம்.

வடிப்பதில் கற்க வேண்டிய ஒரே திறமையைச் சொல்லச் சொன்னால், வெட்டுதல் என்பேன். கடைசிக் கலனிலிருந்து ஒழுகுவது பித்தளைச் சட்டமிட்ட, பூட்டுப் போட்ட ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் விழுகிறது; அதற்கு ஸ்பிரிட் சேஃப் என்று பெயர். கலால் துறைக்குக் கணக்குத் தப்பக் கூடாது என்பதற்காக வந்த பூட்டு அது. வெளியிலிருந்து கைப்பிடிகளைத் திருப்பித்தான் உள்ளே எல்லாம் செய்ய வேண்டும். முதலில் வருவது ஃபோர்ஷாட்ஸ், காட்டமானது. அதில் கொஞ்சம் தண்ணீர் கலந்து பார்ப்பார்கள். பால் விட்ட மாதிரி கலங்கினால் முந்தைய வடிப்பின் எண்ணெய்ப் பசை இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். சில நிமிடம் கழித்து மறுபடி, அப்புறம் மறுபடி. ஒரு கட்டத்தில் தண்ணீர் விட்டும் தெளிவாகவே நிற்கும். அந்த நொடியில் கைப்பிடியைத் திருப்பினால் ஓடுவதுதான் நடுப்பகுதி, பீப்பாய்க்குப் போவது. பிறகு எங்கே நிறுத்துவது என்பது அடுத்த முடிவு. பீட் புகையின் கனமான வாசனைகள் ஓட்டத்தின் பிற்பகுதியில்தான் வரும். சீக்கிரம் வெட்டினால் புகை குறையும், தாமதித்தால் புகையோடு ஈரத் தோல் போன்ற வாடையும் சேர்ந்து வரும். ஒரு விஸ்கியின் குணத்தில் பாதி அந்தக் கைப்பிடியில் இருக்கிறது.

ஸ்பிரிங்பேங்கின் குறைகளையும் சொல்ல வேண்டும். கட்டணம் ஆயிரம் பவுண்டுக்கு மேல், பயணம் தனி. குழு சிறியது என்பதால் இடம் கிடைப்பது கடினம். ஒரு வாரத்தில் ஒரே பார்லியை முளையிலிருந்து பீப்பாய் வரை பின்தொடர முடியாது, ஏனென்றால் முளைகட்டவே ஒரு வாரம் ஆகும், நொதிக்க நான்கு நாளுக்கு மேல். வெவ்வேறு கட்டத்தில் இருக்கும் வெவ்வேறு தொகுதிகளில்தான் கை வைப்பீர்கள். மூன்று வகையில் எது ஓடும் என்பதும் அந்த வார அட்டவணையைப் பொறுத்தது. இன்னொன்று, இந்த வடிசாலை ஒரு விதிவிலக்கு. அரைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் (மேஷ்) திறந்த இரும்புத் தொட்டி, நேரடித் தீயில் காயும் கலன் எல்லாம் இன்றைய சராசரி ஸ்காட்லாந்து இல்லை. பெரிய வடிசாலைகளில் ஒரே ஆள் கணினித் திரை முன்னால் அமர்ந்து எல்லாவற்றையும் ஓட்டுகிறார். அப்படிப்பட்ட இடத்தில் வேலை தேடுபவருக்கு மரச் சட்டுவம் பிடிக்கத் தெரிவது நேரடியாக உதவாது.

பாலின்டாலக்கின் ஒரு நாளை ‘சின்ன ஸ்பிரிங்பேங்க்’ என்று நினைத்துவிடக் கூடாது. மெக்பெர்சன்-கிரான்ட் குடும்பத்தின் கோட்டை எஸ்டேட்டில், ஒரு பழைய பண்ணைக் கட்டடத்தில் 2015ல் திறந்த வடிசாலை அது. தங்கள் நிலத்தில் விளைந்த பார்லி, ஒரு முறைக்கு ஒரு டன் மேஷ், எல்லாம் கையால். ஆவியைக் குளிர்விக்க அங்கே வார்ம் டப் வைத்திருக்கிறார்கள்: குளிர்ந்த தண்ணீர் நிறைந்த மரத் தொட்டிக்குள் சுருண்டு இறங்கும் செப்புக் குழாய். செம்போடு உரசும் நேரம் குறைவு என்பதால் கனமான, கொஞ்சம் இறைச்சி மணம் வீசும் ஸ்பிரிட் கிடைக்கும். நாள் முழுக்க வேலை செய்பவர்களோடேயே நிற்கலாம், என்ன கேட்டாலும் பதில் வரும். சொந்தமாகச் சிறு வடிசாலை தொடங்கும் எண்ணம் இருப்பவருக்கு இந்த அளவுதான் கண்ணுக்கு அடங்கும் அளவு. இயந்திரம் எத்தனை, ஆள் எத்தனை என்று மனக்கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் மால்ட் வேலை இங்கே இல்லை. ஒரே ஒரு வெட்டைப் பார்த்துவிட்டு வெட்டத் தெரியும் என்று சொல்லவும் முடியாது. குடும்பத்தோடு ஸ்பேசைடுக்குச் சுற்றுலா போகிறீர்கள், ஒரு நாள் உங்களுக்கென்று கிடைக்கிறது என்றால் தயங்காமல் போங்கள்.

சான்றிதழ்த் தேர்வுகள் சார்ட்டர்டு இன்ஸ்டிட்யூட் ஆஃப் புரூவர்ஸ் அண்ட் டிஸ்டில்லர்ஸ் நடத்துபவை. சென்னையில் உட்கார்ந்தே படிக்கலாம். கையில் மாவு ஒட்டாது, ஆனால் ‘ஏன்’ என்ற கேள்விக்கு விடை இங்கேதான். மேஷுக்கு முதல் தண்ணீர் ஏன் 64 டிகிரி அருகில்? அதற்கு மேல் போனால் ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளில் ஒன்று சீக்கிரம் செத்துப்போகிறது. அரவையில் உமி, நொய், மாவு ஏன் சுமார் 20, 70, 10 என்ற விகிதம்? மாவு கூடினால் வடிதட்டு அடைத்துக்கொள்ளும், உமி கூடினால் சர்க்கரை வீணாகும். இதெல்லாம் தெரிந்துகொண்டு தளத்தில் இறங்கினால், அங்கே ஒரு நாள் இரண்டு நாளுக்குச் சமம். அதனால் என் பரிந்துரை, அடிப்படைச் சான்றிதழை முதலில் முடித்துவிட்டு அப்புறம் கேம்பெல்டவுன் போவது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் தொழில் மதிப்பது இந்தக் காகிதத்தைத்தான். பயிற்சி வாரத்தின் நினைவுச் சான்றிதழுக்கு அந்த மதிப்பு கிடையாது.

ஹெரியட்-வாட்டின் ஓராண்டு முதுகலை, வேதியியலோ நுண்ணுயிரியலோ பொறியியலோ படித்துவிட்டு இதையே வாழ்க்கைத் தொழிலாக எடுக்க நினைப்பவருக்கு மட்டும். பாடத்தில் பீரும் சரிபாதியாக உண்டு. வெளிநாட்டு மாணவர் கட்டணம் ஒரு குடும்பத்தின் சேமிப்பைத் தொடும் தொகை. ஆசைக்காகப் போக வேண்டிய இடம் இல்லை. எடின்பரோ விஸ்கி அகாடமியின் இரண்டு நாள் டிப்ளமா பற்றியும் சிலர் கேட்பதுண்டு. விற்பனையிலோ பாரிலோ இருப்பவருக்கு அது அருமை, செய்யக் கற்க அல்ல.

ஒரு விஷயத்தில் மட்டும் நான்கு வழியும் ஒன்றுதான்: முதிர்வதை எவராலும் நேரில் காட்ட முடியாது. ஓக் பீப்பாயில் மூன்று ஆண்டு கிடந்தால்தான் சட்டப்படி ஸ்காட்ச். ஸ்காட்லாந்தின் குளிரில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிறது. பெங்களூருவில் அம்ருத் தன் சிங்கிள் மால்ட்டை முதிர்விக்கும் வெயிலில் அது 10 சதவீதத்துக்கு மேல். அங்கே கிடங்கில் கற்ற கணக்கை இங்கே அப்படியே கொண்டுவர நினைப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விசா பற்றி ஒரு வார்த்தை. பொழுதுபோக்காகச் செய்யும் குறுகிய பயிற்சியை, 30 நாளுக்குள் முடிந்தால், சாதாரண விசிட்டர் விசாவிலேயே செய்ய பிரிட்டன் அனுமதிக்கிறது. பதிவு செய்யும் முன் அரசுத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். முழங்கால் வரை தூசி படியும், அதற்கேற்ற உடையும் வழுக்காத பூட்ஸும் எடுத்துப் போங்கள். கைக்கு அடக்கமான ஒரு நோட்டும். வெட்டிய நேரம், தண்ணீர் தெளிந்த நேரம், ஓட்டத்தின் வலிமை, கிடங்கில் பார்த்த பீப்பாயின் எண் எல்லாவற்றையும் தேதியோடு குறித்துவையுங்கள். அவர்களின் வழக்கமான ஸ்பிரிங்பேங்க் பத்து வருட விஸ்கி. நீங்கள் நின்ற வாரத்தில் ஓடியதில் ஒரு பங்கு பத்து வருடம் கழித்து ஒரு பாட்டிலுக்குள் வரும்போது, அந்த நோட்டு உங்கள் கையில் இருக்க வேண்டும்.